தட்டு நிறைய ஒரே புழு

கடலடிச் சேற்றில் வாழும் புழுக்களை எண்ணும் இந்த வேலைக்கு வந்த இரண்டாவது வாரம் என் மேஜையில் ஒரு மாதிரிக் குப்பியைக் கொண்டுவந்து வைத்தார்கள். கடலில் மீன் வளர்க்கும் கூண்டுக்கு நேர் கீழே, கடலடியிலிருந்து அள்ளிய சேறு. சல்லடையில் அலசி, கெடாமல் இருக்க ஃபார்மலினில் போட்டு, உயிர்கள் பளிச்சென்று தெரிய ரோஸ் பெங்கால் சாயம் ஏற்றியிருந்தது. வெள்ளைத் தட்டில் கொஞ்சம் பரப்பி மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். தட்டு முழுக்கப் புழு. தையல் நூலைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டதுபோல, ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னிக் கிடந்தன. சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினேன். குப்பியில் பாதிகூடத் தீரவில்லை, 700 தாண்டிவிட்டது.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அக்கா, இந்த இடத்தில் உயிர் கொழிக்கிறது” என்றேன்.

கூட வேலை பார்க்கும் மூத்தவரான அக்கா எழுந்து வந்து குனிந்து பார்த்தார். “எத்தனை வகை?” என்று மட்டும் கேட்டுவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டார்.

மறுபடி உட்கார்ந்து பார்த்தேன். ஒரே வகை. 700-ம் ஒரே வகை. அன்று மாலை அவரே இன்னொரு குப்பியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதே விரிகுடா, அதே ஆழம், கூண்டிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி எடுத்தது. அதில் மொத்தமே 90 சொச்சம் உயிர்கள்தான். ஆனால் வகைகள் 30-க்கும் மேல். முத்துப்போல மினுங்கும் நெஃப்டிஸ் புழு. வாயைத் துருத்தினால் நான்கு கொக்கிப் பற்கள் தெரியும் கிளைசெரா. தலையில் கற்றை கற்றையாக உணர்கொம்புகள் தொங்கும் டெரிபெல்லிட். நடுவே இரண்டு சிறு சிப்பி, ஒடிந்த கையோடு, நட்சத்திர மீனின் உறவான ஒரு நொறுங்கு நட்சத்திரம். ஒவ்வொன்றாகப் பெயர் கண்டுபிடித்து எழுத எனக்கு மூன்று நாள் ஆனது.

அந்த முதல் தட்டில் இருந்தது கேபிடெல்லா. கடற்கரையோரம் மீன் வளர்க்கும் இடங்களில் சேற்றைக் கிளறிப் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் பழகிய பெயர். மண்புழுவின் கடல் உறவினர்களான பாலிகீட் புழுக்களில் ஒன்று. இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளம், நூல் கனம். உயிரோடு பார்த்தால் நல்ல சிவப்பு, ஏனென்றால் நம் ரத்தத்தில் இருப்பது போலவே அதன் உடலிலும் ஹீமோகுளோபின் இருக்கிறது. கிரீன்லாந்தின் உயிரினங்களைப் பட்டியலிட்ட ஓட்டோ ஃபேப்ரிசியஸ் 1780-லேயே இதற்குப் பெயர் வைத்துவிட்டார். உலகம் முழுக்க ஒரே புழு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார்கள். 1969-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில், வெஸ்ட் ஃபால்மவுத் அருகே எண்ணெய்ப் படகு தரைதட்டி, எண்ணெய் கொட்டிக் கடலடி நாசமானபோது, வேறெதுவும் வாழ முடியாத அந்தச் சேற்றில் இது மட்டும் கூட்டம் கூட்டமாக வந்தது. அதை ஆராய்ந்த கிராஸ்ல் தம்பதியர் 1976-ல், பார்வைக்கு ஒன்றாகத் தெரியும் இந்தப் புழுவுக்குள் குறைந்தது ஆறு தனித்தனி இனங்கள் இருப்பதாக நொதிகளை வைத்துக் காட்டினார்கள். அதனால்தான் எங்கள் பதிவேட்டில் இன்றும் “கேபிடெல்லா கூட்டம்” என்றே எழுதுகிறோம்.

சரி, கூண்டுக்கு அடியில் என்னதான் நடக்கிறது?

கூண்டு என்பது மிதக்கும் வளையத்தில் தொங்கவிட்ட வலைப்பை. உள்ளே மீன், மேலிருந்து தீவனம். மீன் தின்னாமல் விட்ட தீவனக் குருணையும், தின்றபின் போடும் கழிவும் வலைக்கண் வழியாகக் கீழே இறங்குகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். குருணை ஏறக்குறைய நொடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் மூழ்கும். கழிவு அதைவிட மெதுவாக, நொடிக்கு 3 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். கூண்டுக்குக் கீழே 20 மீட்டர் தண்ணீர் இருந்தால் குருணை தரை தொட மூன்றரை நிமிடம்கூட ஆகாது. கழிவுக்குச் சுமார் 11 நிமிடம். நீரோட்டம் நொடிக்கு 5 சென்டிமீட்டர் என்றால் குருணை 10 மீட்டர்தான் நகர்ந்திருக்கும், கழிவு 33 மீட்டர். இரண்டும் கூண்டின் காலடியிலேயே விழுகின்றன என்று அர்த்தம். அதே கூண்டை ஆழமான, ஓட்டம் உள்ள இடத்தில் போட்டால் அதே கழிவு பல மடங்கு பரப்பில் மெல்லிசாக விரியும். பண்ணை எத்தனை டன் மீன் வளர்க்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஆழமும் ஓட்டமும்தான்.

விழுந்தது புழுக்களுக்குச் சாப்பாடுதானே, நல்லதுதானே என்று தோன்றும். ஓரளவு வரைக்கும் உண்மையும்கூட. கூண்டிலிருந்து சற்றுத் தள்ளி, லேசாகக் கழிவு விழும் இடத்தில் புழுக்களின் எண்ணிக்கையும் வகையும் இரண்டுமே கூடியிருப்பதை நானே எண்ணியிருக்கிறேன். சிக்கல் அளவு மீறும்போது வருகிறது. அதைப் புரிந்துகொள்ள, நல்ல நிலையில் இருக்கும் சேறு எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது மூங்கில் புழு. உடல் நீள நீளக் கணுக்களாக மூங்கில் குச்சி மாதிரியே இருக்கும். மணல்துகளை ஒட்டிக் குழாய் கட்டி, அதற்குள் தலைகீழாக நிற்கும். தலை கீழே, வால் மேலே. ஒரு சாண் ஆழத்தில் இருக்கும் சேற்றைத் தின்று மேற்பரப்பில் கொண்டுவந்து கழிக்கும். வருடம் முழுக்க இதுதான் வேலை, அதாவது அடிமண்ணை மேலே கொண்டுவருவது. மற்றப் புழுக்கள் உடலை அலைபோல நெளித்து வளைக்குள் தண்ணீரை இழுத்துவிடும். கடற்கரைச் சேற்றில் ஆக்சிஜன் தானாக இறங்குவது சில மில்லிமீட்டர்தான். அதற்குக் கீழே இறங்குகிறது என்றால் அது இந்தப் புழுக்கள் இறைத்த தண்ணீரில் போனது. சேற்றை நெடுக்காக வெட்டிப் பார்த்தால் இது கண்ணாலேயே தெரியும். மேலே பழுப்பு, கீழே கருப்பு, அந்தக் கருப்புக்குள் ஒவ்வொரு வளையைச் சுற்றியும் ஒரு பழுப்பு வளையம். அந்த வளையத்தின் சுவரில்தான் பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரேட்டாக்கி, கடைசியில் நைட்ரஜன் வாயுவாக்கி விடுகின்றன. புழு போய்விட்டால் அம்மோனியா அப்படியே மேலே கசிந்து தண்ணீரில் கலக்கும்.

மூங்கில் புழு முழுசாகக் கிடைப்பது அபூர்வம். சேற்றை அள்ளும்போதே பாதியில் அறுந்துவிடும். தலை உள்ள துண்டை மட்டும்தான் எண்ண வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் விதி. இல்லாவிட்டால் ஒரே புழுவை மூன்றாக எண்ணிவிடுவோம்.

கழிவு அளவு மீறி விழும்போது அதைச் சிதைக்கும் பாக்டீரியா இருக்கிற ஆக்சிஜனையெல்லாம் தின்றுவிடுகிறது. ஆக்சிஜன் தீர்ந்ததும், கடல்நீரில் தாராளமாக இருக்கும் சல்ஃபேட்டை வைத்து வாழும் வேறு பாக்டீரியா அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. அவை வெளிவிடுவது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அழுகிய முட்டை நாற்றம், பெரும்பாலான உயிர்களுக்கு விஷம். அதோடு இரும்பு சேர்ந்து சேறு மை போலக் கருத்துவிடும். முதலில் போவது ஆழத்தில் வாழும் பெரிய புழுக்கள். வளைகள் தூர்ந்துபோகும். வளை தூர்ந்தால் ஆக்சிஜன் இறங்காது, ஆக்சிஜன் இறங்காவிட்டால் அடுத்த புழுவும் போகும். இது பனியில் சறுக்குவது மாதிரி, தொடங்கிவிட்டால் வேகம் கூடிக்கொண்டே போகும்.

அப்போதுதான் கேபிடெல்லா வருகிறது. மற்ற உயிர்கள் விலகி ஓடும் சல்ஃபைடு இதன் குட்டிப் புழுக்களுக்கு “இங்கே தங்கலாம்” என்ற அறிவிப்பாக இருக்கலாம். ஆய்வகத்தில் சல்ஃபைடைக் காட்டினால் அவை அந்த இடத்திலேயே இறங்கிக் குடியேறுவதாக 1980-களில் ஓர் ஆய்வு சொன்னது, பின்னால் வந்த ஆய்வு அதை ஒப்புக்கொள்ளவில்லை. தாய்ப்புழு தன் குழாய்க்குள்ளேயே முட்டைகளை அடைகாக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் சில வாரங்களிலேயே அடுத்த தலைமுறை தயார். மூங்கில் புழுவால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது.

கழிவு கூடக் கூடப் புழுக்கள் எந்த வரிசையில் மாறும் என்பதை 1978-ல் பியர்சன், ரோசன்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் ஒழுங்குபடுத்தி எழுதினார்கள். அவர்கள் பார்த்தது மீன் பண்ணையை அல்ல. ஸ்காட்லாந்தின் லின்னே, ஈல் கடற்கழிகளில் காகிதக்கூழ் ஆலையின் நார்க்கழிவு விழுந்த சேற்றையும், ஸ்வீடனில் அதேபோன்ற ஓர் ஆலை மூடிய பிறகு தேறிவந்த கடற்கழியையும். ஆனால் சேற்றுக்கு மரநாரா மீன் கழிவா என்ற கவலை இல்லை. அந்த வரிசையைக் கையில் வைத்துக்கொண்டு இன்று எந்தக் கூண்டிலிருந்தும் வெளியே நடந்தால், கிட்டத்தட்ட அப்படியே வரும். நேர் கீழே, கழிவு மிக அதிகமானால், உயிரே இல்லாத இடம், அதன்மேல் பெஜியட்டோவா பாக்டீரியாவின் வெள்ளைப் போர்வை. அதைச் சுற்றிக் கேபிடெல்லா. அப்புறம் மாலகோசெரஸ் போன்ற சின்னச் சின்ன மேற்பரப்புப் புழுக்கள். கடைசியில், சில பத்து மீட்டரோ சில நூறு மீட்டரோ தள்ளி, பழைய சேறு.

ஒன்று சொல்லியாக வேண்டும். கேபிடெல்லாவைக் கெட்ட புழு என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அது அந்தக் கழிவைத் தின்றுகொண்டிருக்கிறது. வேறு யாரும் செய்ய முடியாத வேலையை, வேறு யாரும் இருக்க முடியாத இடத்தில் செய்கிறது. ஜப்பானின் அமகுசா தீவுகளில் சுட்சுமி என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் இதை மொத்தமாக வளர்த்து, மீன் பண்ணைக்கு அடியில் இருந்த சேற்றில் விட்டு, கழிவு சிதையும் வேகத்தைக் கூட்டப் பார்த்திருக்கிறார்கள். நல்ல யோசனை. ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. சல்ஃபைடு இன்னும் ஏறினால் கேபிடெல்லாவும் சாகும்.

வடக்குக் கடல்களில் கூண்டுகளுக்கு அடியில் ஓஃப்ரியோட்ரோக்கா என்ற பொடிப் புழுக்களைப் பார்க்கிறார்கள். பாக்டீரியாப் போர்வையை மேய்ந்து வாழ்பவை. இதே பேரினத்தின் புழுக்கள் கடலடியில் செத்து விழுந்த திமிங்கிலத்தின் எலும்புகளிலும் இருக்கின்றன. இதைப் படித்த அன்று வெகுநேரம் இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். கடலைப் பொறுத்தவரை நம் கூண்டுக்கு அடியில் ஒரு திமிங்கிலம் செத்துக் கிடக்கிறது. திமிங்கிலம் ஒரு தடவைதான் விழும். கூண்டிலிருந்து தினமும் விழுகிறது.

மாதிரி எடுக்கப் போகும் நாள் வேறு மாதிரி. கிராப் என்பது இரண்டு இரும்புத் தாடை கொண்ட கவ்வி, ஒரு தடவைக்கு 0.1 சதுர மீட்டர் அள்ளும். கயிற்றில் இறக்கினால் தரை தொட்டதும் கொக்கி விடுபடும், இழுக்கும்போது தாடை மூடிக்கொள்ளும். இடையில் ஒரு கல் சிக்கினால் எல்லாம் ஒழுகிப்போகும், திரும்ப இறக்க வேண்டும். போன வருடம் ஒரு பண்ணையில் கிராப் இறங்கியதுமே மேலே குமிழி குமிழியாக வந்தது. படகு ஓட்டும் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்மா, கீழே ஏதாவது மூச்சு விடுதா?” என்றார். சேற்றுக்குள் அடைபட்டிருந்த வாயு அது. தாடையைத் திறந்தபோது வந்தது கூழ் மாதிரியான கருப்பு. விரலில் தேய்த்தால் மணலின் நெறுநெறுப்பே இல்லை, சோப்பு போல வழுக்கியது. உள்ளே முழுக் குருணைகள் உருக்குலையாமல் கிடந்தன.

நார்வேயில் இதற்கென்றே என்எஸ் 9410 என்ற தர விதி வைத்திருக்கிறார்கள். அமில காரத் தன்மை, ஆக்சிஜனேற்ற அளவு ஆகியவற்றோடு சேற்றின் நிறம், நாற்றம், கெட்டித்தன்மை, குமிழி, கழிவுப் படலத்தின் கனம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. மூக்கால் முகர்ந்து மதிப்பெண் போடுவதா என்று படிக்கும் காலத்தில் நினைத்திருக்கிறேன். இப்போது அந்தப் படிவத்தை முழுதாக நம்புகிறேன். கருவி பழுதாகும் நாளிலும் மூக்கு வேலை செய்யும்.

அன்று பண்ணைக்காரர் எங்களோடு படகிலேயே இருந்தார். நேர்மையான மனிதர். “கீழே இருக்கிற புழுவுக்காக நான் தீவனத்தைக் குறைக்க முடியுமாம்மா?” என்று கேட்டார். நான் பதில் சொல்லாமல் சல்லடையில் நின்ற குருணைகளைக் கையில் அள்ளி அவரிடம் நீட்டினேன். வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். மீன் தின்னாத தீவனம் அவர் கைப்பணம், கொட்டியது கடலுக்கு அடியில். அதோடு அந்த நாற்றம் கீழேயே நின்றுவிடாது. காற்றும் அலையும் அடங்கி, நீரோட்டம் நின்ற வெப்ப நாட்களில் ஆக்சிஜன் குறைந்த அடித்தண்ணீர் மேலேறினால் முதலில் மூச்சுக்கு வாயைத் திறப்பது அவருடைய மீன்தான். கூண்டுக்குள் கேமரா வைத்து, மீன் மந்தமானதும் தீவனத்தை நிறுத்துகிற பண்ணைகள் இன்று எத்தனையோ இருக்கின்றன.

என் மனத்தாங்கல் அவரிடம் இல்லை. அறிக்கைகளிடம். ஒரு தடவை நான் எழுதிக் கொடுத்த அட்டவணை அச்சாகி வந்தபோது அதில் “வகைகள்” என்ற பத்தியே காணோம். “மொத்த உயிரினங்கள்” என்ற பத்தி மட்டும் இருந்தது. கீழே ஒரு வரி: கூண்டுக்கு அடியில் உயிரின அடர்த்தி வெளியிடத்தைவிட அதிகம். ஒவ்வோர் எண்ணும் சரி. அந்த வரி தரும் அர்த்தம் முழுப் பொய். அந்த முதல் தட்டைப் பார்த்து நான் அக்காவிடம் சொன்ன அதே வார்த்தையை, யாரும் “எத்தனை வகை” என்று கேட்காமல், அச்சடித்துவிட்டார்கள். கடிதம் எழுதினேன். திருத்தம் வரவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இதைத் தவிர்க்க ஒரு வழி, 2000-ல் போர்ஹா என்ற ஆய்வாளரும் சகாக்களும் கொண்டுவந்த அம்பி என்ற குறியீடு. சிறு தொந்தரவுக்கும் சுணங்கும் புழுக்கள் முதல் எதையும் தாங்கும் புழுக்கள் வரை ஐந்து குழுக்களாகப் பிரித்து, எந்தக் குழு எவ்வளவு என்பதை வைத்து மதிப்பிடுவது. பூஜ்யம் என்றால் தொந்தரவு இல்லாத சேறு, 7 என்றால் உயிரே இல்லை. கேபிடெல்லா ஐந்தாம் குழு. அந்த 700 புழுத் தட்டு இதில் ஆறை ஒட்டி வரும், 90 புழுத் தட்டு அதற்கு எவ்வளவோ கீழே நிற்கும். தலை எண்ணுவதால் வரும் மயக்கம் இதில் வராது.

கூண்டை எடுத்துவிட்டால் சேறு தேறுமா என்று கேட்பார்கள். தேறும், ஆனால் நேர்க்கோட்டில் அல்ல. கிரேக்கத்தின் கெஃபலோனியா தீவில், மீன் வளர்ப்பை நிறுத்திய ஒரு விரிகுடாவைக் கரகாஸிஸ் குழுவினர் ஏறக்குறைய இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். ஏறும், சரியும், மறுபடி ஏறும். முழுசாகப் பழைய நிலைக்கு வரவில்லை. பண்ணைகள் ஒரு வளர்ப்பு முடிந்ததும் சில மாதம் இடத்தைத் தரிசாக விடுவது நல்லதுதான், நிலத்துக்கு ஓய்வு கொடுப்பது போல. ஆனால் அந்த ஓய்வில் திரும்பி வருவது வேகமாகப் பெருகும் சின்னப் புழுக்கள் மட்டுமே. ஆழத்தில் வளை தோண்டும் புழு வருவதற்குள் அடுத்த மீன் குஞ்சுகள் வந்து இறங்கிவிடுகின்றன. மேற்பரப்பு ஆறிய புண் மாதிரி இருக்கும், உள்ளே ஆறியிருக்காது. அதனால் தரிசு விடும் காலத்தைக் காலண்டரை வைத்து முடிவு செய்யக் கூடாது, சேற்றை அள்ளிப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். புதிதாக மீன் குஞ்சுகளை விடும் முன்னாலும் அதே.

குமிழி வந்த அந்தப் பண்ணைக்காரர் கூண்டுகளை ஓட்டம் உள்ள ஆழமான இடத்துக்கு மாற்றிவிட்டார். பழைய இடத்தில் 14 மாதம் கழித்துப் போன வாரம் கிராப் இறக்கினோம். குமிழி இல்லை. மேலே இரண்டு சென்டிமீட்டர் பழுப்பு, கீழே இன்னும் கருப்புதான். முகர்ந்தால் லேசான நாற்றம். குப்பியைத் தட்டில் கவிழ்த்து நேற்று முழுக்க உட்கார்ந்தேன். கேபிடெல்லா 40. வேறு 11 வகை, பெரும்பாலும் ஸ்பையோனிட் என்ற மேற்பரப்புப் புழுக்களின் குட்டிகள், இரண்டு இளம் நெஃப்டிஸ், அரிசி அளவில் ஒரு சிப்பி. கடைசிக் கரண்டியில் மணல் ஒட்டிய குழாய் ஒன்று வந்தது. ஊசியால் மெதுவாகப் பிரித்தேன். உள்ளே நீளமான மூன்று கணு. இரண்டு பக்கமும் அறுந்திருந்தது, தலை இல்லை.

தலை இல்லாததை எண்ணக் கூடாது. எண்ணவில்லை. ஆனால் குறிப்புப் பத்தியில் எழுதிவிட்டு, துண்டைத் தனிக் குப்பியில் போட்டு, அக்காவின் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.